இரண்டு கொம்பு வைத்த கார்டு

சாத்தப்பன் வெறுங்கையோடு முன்னால் ஏறினார். அவருடைய கம்ப்யூட்டர் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு தம்புசாமி பின்னால் ஏறினார். பிரிக்பீல்ட்ஸில் அந்தக் கடை இரண்டாம் மாடியில் இருந்தது. லிப்ட் கிடையாது. படி நாற்பத்து நான்கு. அது சுமந்தவருக்குத்தான் தெரியும்.

"பாத்து தம்பு. நாலாயிரம் வெள்ளி குடுத்து வாங்குன சாமான். இடிச்சிராத."

தம்புசாமி அவரிடம் சம்பளம் வாங்குகிறவர் இல்லை. சாலாக் செலாத்தானில் ஒரே வரிசையில் பக்கத்து வீட்டுக்காரர், அவ்வளவுதான். சுங்கை வே தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து வந்து படுத்தவரை, "ஒரு கை பிடி தம்பு" என்று எழுப்பிக் கூட்டி வந்திருந்தார் சாத்தப்பன். கூலி ஒரு தே ஓ, பால் ஊற்றாத தேநீர். அதுவும் திரும்பிப் போகும்போது.

கடையில் புனிதா என்ற பெண் பெட்டியை வாங்கித் திரையோடு இணைத்தாள்.

"என்ன பிரச்சின அங்கிள்?"

"வைபை கார்டு போச்சு மா. நேத்து சாயங்காலத்துலேர்ந்து உள்ள விட மாட்டேங்குது. நல்லதா ஒண்ணு போடு, ஆனா சீப்பா இருக்கணும். அஞ்சு மணிக்கு எங்க தாமான் குடியிருப்பாளர் சங்கத் தேர்தல், ஆன்லைன்ல நடக்குது. நான் மூஞ்சியக் காட்டலைன்னா அந்த மெய்யப்பன் போட்டியில்லாம தலைவராயிடுவான்."

பத்து வருடமாக அவர்தான் தலைவர். அன்றைக்குப் பேச வேண்டிய பேச்சுகூடச் சட்டைப் பையில் தயாராக இருந்தது. எடுத்துப் பிரித்து, தலைப்பை ஒரு தடவை ரசித்துவிட்டு உள்ளே வைத்தார். 'சொந்தக் காலில் நிற்போம்.'

புனிதா எதையோ தட்டிப் பார்த்தாள். "பழைய கார்டு நல்லாத்தான் இருக்கு அங்கிள். எங்க கடை வைபை லைனப் புடிக்குதே."

"கடையில புடிச்சா? நான் என்ன கடையிலயா குடியிருக்கேன்?"

"சரி, வீட்ல ரௌட்டர் எங்க வச்சிருக்கீங்க?"

"சுவத்துக்கு அந்தப் பக்கம்."

"எந்த ரூம்ல?"

"அந்தப் பக்கம்னு சொன்னேன்ல. நீ கார்டக் காட்டு லா."

"யாராச்சும் பாஸ்வர்ட மாத்தியிருக்கலாம் அங்கிள். அத மொதல்ல பாருங்க. காசு மிச்சம்."

சாத்தப்பனுக்குச் சிரிப்பு வந்தது. "அந்தப் பாஸ்வர்ட வச்சதே நான்தான். அத மாத்துற அளவுக்கு அங்க யாருக்கும் மூளை கிடையாது."

புனிதா மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தாள். "இது நகம் சைஸ் யூஎஸ்பி, இருபத்தஞ்சு வெள்ளி. பின்னால குத்தினாப் போதும். இது உள்ள மாட்டுற கார்டு, ரெண்டு ஆன்டெனா, அறுபத்தஞ்சு. இது புதுசு, நூத்தி இருபது, உங்களுக்குத் தேவைப்படாது. ஒரு சுவருதான்னா இருபத்தஞ்சே போதும்."

"இருபத்தஞ்சு வெள்ளிக்கு எறும்புக்குத்தான் வைபை வரும். அந்த ரெண்டு கொம்பு வச்சதக் குடு. அறுபது."

"அறுபத்திரெண்டு. ஆனா பெட்டியப் பிரிச்சா திருப்பி எடுக்க மாட்டோம்." சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினாள்.

"தலைவர் குடுத்தத திருப்பிக் கேக்க மாட்டாரு. பிரி."

பிரித்தாள். மாட்டினாள். கொம்பு இரண்டும் பின்பக்கம் நிமிர்ந்து நின்றன. திரையில் கம்ப்யூட்டரின் பெயர் பெரிய ஆங்கில எழுத்தில் வந்தது: THALAIVAR-1.

நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்த தம்புசாமி திரைப் பக்கம் குனிந்தார். விரலை நீட்டி, உதட்டை அசைத்து, "டி... எச்... ஏ..." என்று கூட்ட ஆரம்பித்தார்.

"பாத்தியா மா, அம்பத்தாறு வயசுல பாலர் வகுப்பு," என்றார் சாத்தப்பன். "ஞாயித்துக்கிழமையானா கோயில் மண்டபத்துக்கு நோட்டுப் புத்தகத்தோட போறாரு. இவரு வீட்டுக்கு இன்டர்நெட் லைன் போட வந்தப்ப பாரத்துல பெருவிரல உருட்டப் பாத்தாரு. நான் போயி எல்லாத்தையும் எழுதி, எல்லாத்தையும் அமைச்சுக் குடுத்தேன். ஏன் தம்பு, இனிமே படிச்சு பாராளுமன்றத்துக்கா போகப் போற?"

தம்புசாமி கடைசி எழுத்து வரைக்கும் போய், அந்த ஒன்று என்ற எண்ணிலும் விரலை வைத்தார். பிறகு நிமிர்ந்தார்.

"ஏம்மா, இந்தப் பேரு எல்லா கம்ப்யூட்டர்லயும் இருக்குமா?"

"இல்ல அங்கிள். அது இந்த மெஷினோட பேரு. அவங்கவங்க வச்சிக்கிறது."

"நானே வச்சேன்," என்றார் சாத்தப்பன், பெருமையாக. "இந்தப் பேரு வேற எவன்கிட்டயும் இருக்காது."

புதுக் கார்டு கடை லைனை நொடியில் பிடித்தது. சாத்தப்பன் காசைக் கொடுத்து ரசீதை வாங்கினார். "பாத்தியா, நான் சொன்னேன்ல, கார்டுதான் கோளாறு. மணி மூணே முக்காலு. தூக்கு தம்பு, போவோம்."

தம்புசாமி தூக்கவில்லை. துண்டை ஒரு உதறு உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"மூணு வருசமா எங்க வீட்டு லைன் ஆமை மாதிரி ஊருதுண்ணே. அதுல யார் யாரு இருக்காங்கன்னு போன்ல பாக்க மண்டபத்து வாத்தியார் சொல்லிக் குடுத்தாரு. நேத்து சாயங்காலம் எழுத்துக் கூட்டிப் படிச்சேன். என் போன் ஒண்ணு, என் பொண்டாட்டி போன் ஒண்ணு, மூணாவதா இந்தப் பேரு."

சாத்தப்பன் கையிலிருந்த ரசீதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"யாரோ திருடன்னு நெனச்சு பாஸ்வர்ட மாத்திட்டேண்ணே."