இரண்டு தட்டு

மகள் மேசையைத் தட்டித் தட்டிப் படிப்பதைக் கேட்டதும் அப்பாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலப் பாடம். கமா வந்தால் விரலால் ஒரு தட்டு. முற்றுப்புள்ளி வந்தால் இரண்டு தட்டு. தட்டி முடித்த பிறகுதான் அடுத்த வார்த்தை.

"என்னம்மா இது?"

"மிஸ்ஸோட ரூல்ப்பா. யார் படிச்சாலும் கிளாஸே சேர்ந்து தட்டும்."

"போன வாரம் போட்டியிலயும் இப்படித்தான் படிச்சியா?"

"ஆமாம்ப்பா."

அப்பாவுக்கு இப்போதுதான் விஷயம் விளங்கியது.

அவர் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். மைக்கை இரண்டு தட்டு தட்டிவிட்டு வாயைத் திறந்தால், ஒரு வண்டி போகிற அத்தனை ஊரையும் ஒரே மூச்சில் கொட்டிவிடுவார். மகளுக்கும் அதே குரல், அதே வேகம். வீட்டுக்கு வருகிறவர்களை உட்காரவைத்து, அவளைப் படிக்கச் சொல்லிக் கேட்கவைக்காமல் அனுப்பமாட்டார். வந்தவர்கள் பாடு திண்டாட்டம்.

அப்படிப்பட்ட பெண் வாசிப்புப் போட்டியில் கோட்டைவிட்டுவிட்டாள். மணி அடித்தபோது கடைசிப் பத்தி பாக்கி. வேலையை விட்டுப் போக முடியாததால் அவர் போட்டியைப் பார்க்கவில்லை. ஏதோ பயம் என்று நினைத்துச் சும்மா இருந்தார். பயமுமில்லை, ஒன்றுமில்லை. எல்லாம் அந்த மிஸ் செய்த வேலை.

மறுநாள் மதிய இடைவேளைக்குச் சற்று முன்பே பள்ளிக்குப் போய், வகுப்பு ஜன்னலோரம் நின்றார்.

கடைசி பெஞ்சில், அவர் மகளுக்குப் பக்கத்தில் இருந்த பெண் எழுந்து படித்துக்கொண்டிருந்தாள். நல்ல குரல். ஆனால் வார்த்தைக்கு வார்த்தை நின்றது. நிற்கும்போதெல்லாம் வகுப்பே 'டக்' என்று தட்டியது. நேற்று மகளிடம் கேட்ட அதே பாடம்தான். கமாவே இல்லாத இடத்தில்கூடத் தட்டினார்கள். அதிலும் முதலில் தட்டுவது அவருடைய சொந்த மகள்.

"சரி, கடைசி வரியில இருக்கிறது சிமிலியா, மெட்டஃபரா?" என்று கேட்டார் ஆசிரியை.

அந்தப் பெண் யோசித்தாள். ஒரு தட்டு தட்டினாள். "மெட்டஃபர், மிஸ்."

ஆசிரியை சட்டென்று கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். மணி அடித்தது.

வெளியே வந்தவரை அப்பா மறித்தார்.

"மிஸ், தப்பா நினைக்காதீங்க. கமா, செமிகோலன், சிமிலி, மெட்டஃபர், எல்லாம் சொல்லிக்கொடுங்க, வேண்டாங்கல. பிள்ளைங்கள ஏன் தந்தி அடிக்க வைக்கிறீங்க?"

"எங்க நிறுத்தணும்னு தெரியணும் இல்லையா சார்."

"கமா இல்லாத இடத்துலயும் தட்டுறாங்களே. அது எந்த கிராமர்ல இருக்கு?"

கடைசி பெஞ்சுப் பெண் அவர்களைக் கடந்து போனாள். அவள் தாழ்வாரம் தாண்டும்வரை ஆசிரியை பேசவில்லை. அப்பாவே தொடர்ந்தார்.

"இப்பப் போச்சே, அந்தப் பொண்ணையே எடுத்துக்குங்க. இவ்வளவு நல்ல குரல வச்சுக்கிட்டு ஓட்டை வண்டி மாதிரி நின்னு நின்னு வருது. எல்லாம் உங்க புண்ணியம்."

"நல்லாப் படிச்சா, இல்ல சார்?" ஆசிரியையின் முகமெல்லாம் சிரிப்பு.

அப்பாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உங்ககிட்டப் பேசிப் பிரயோஜனம் இல்ல. தலைமையாசிரியைகிட்டச் சொல்லி இன்னைக்கே இதை நிறுத்துறேனா இல்லையா பாருங்க."

"சார், தயவுசெஞ்சு அது மட்டும் வேண்டாம்."

அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தலைமையாசிரியை அறைக்கதவைத் தட்டக் கை ஓங்கியபோது, மகள் மூச்சிரைக்க ஓடிவந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, வேண்டாம்ப்பா. என் பக்கத்துல இருக்காளே, அவ படிச்சதைக் கேட்டீங்களா?"

"கேட்டேனே. அதையும் சேர்த்துத்தான் சொல்லப்போறேன்."

"அவளுக்குத் திக்கும்ப்பா. முன்னாடி வாயைத் திறந்தாலே எல்லாரும் சிரிப்பாங்க. அதனால பேசுறதையே விட்டுட்டா. இப்ப எல்லாருமே நின்னு நின்னு படிக்கிறதால அவளுக்குப் பயமில்ல. எங்கயாவது மாட்டிக்கிட்டா நான் தட்டுவேன். எல்லாரும் கூடவே தட்டுவாங்க. இன்னைக்குத்தான் முதல் தடவையா ஒரு பாராவை முழுசாப் படிச்சிருக்கா."

அப்பாவின் கை தானாக இறங்கியது. ஓட்டை வண்டி என்று சொன்ன வாயை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

"உங்க மிஸ் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லமாட்டாங்க. அவளுக்காகத்தான் இதெல்லாம்னு அவளுக்கே தெரியாது. யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு மிஸ்கிட்ட நான்தான் சத்தியம் வாங்கினேன்."

"நீயா?"

"என் யோசனைதான்ப்பா. நீங்க மைக்கை ரெண்டு தட்டு தட்டினா, அத்தனை ஜனமும் பேச்சை விட்டுட்டு உங்களுக்காகக் காத்திருக்கும் இல்ல? அதைப் பார்த்துதான் தோணுச்சு."

அப்பாவுக்குப் பேசுவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. மகள் காத்திருந்தாள்.

"அது சரிம்மா. கிளாஸ்ல தட்டினீங்க, நியாயம். போட்டியில எதுக்குத் தட்டினே? அங்க யாரு உன்னைக் கேக்கப்போறா? கப்பு போச்சே."

மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அவ முன் வரிசையில உட்கார்ந்திருந்தாப்பா. மேடையில நான் மட்டும் தட்டாம படிச்சா, அவளுக்குத் தெரிஞ்சிடாதா?"