விழுப்புரம் வரைக்கும் ஒரு நிலா

“பள்ளத்தை ஆராய்ச்சி பண்றேன் ஆன்ட்டி” என்று ஜெனிஸ் சொன்னதும், வாய்க்குக் கொண்டுபோன மக்ரூனை ஹில்டா பாதியில் நிறுத்தினாள்.

“ரோட்டுப் பள்ளமா? எங்க தெருவுல ஒண்ணு கிடக்கும்மா. ஆட்டோக்காரன் உள்ள வரவே மாட்டேங்கான். வந்ததுக்கு அதையும் ஒரு எட்டு பாத்துட்டுப் போயேன்.”

ஹாலே சிரித்தது.

ஹில்டாவின் தம்பி விக்டருக்கு மட்டும், சிரிக்கலாமா கூடாதா என்று பிடிபடவில்லை. துறைமுகத்தில் டக் படகு ஓட்டுகிறவர். மலை மாதிரி வரும் கப்பலை அலுங்காமல் இழுத்துக் கரை சேர்க்கிற மனிதர், இந்தச் சின்ன ஹாலுக்குள் சட்டைக் காலரைச் சரிசெய்தபடியே இருந்தார்.

ஜெனிஸுக்கு அது பிடித்திருந்தது.

திங்கட்கிழமை அவள் ஆராய்ச்சி வேலைக்காக அகமதாபாத்துக்கு ரயிலேற வேண்டும். அதற்குள் இந்தச் சம்பந்தம் கூடிவிட வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தாள். கூடும் என்றே நம்பினாள்.

வேண்டாம் என்று சொல்லத்தான் வீட்டில் ஆட்கள் இருந்தார்கள். காலையிலேயே வந்துவிட்ட சித்தி, செத்துப்போன அப்பாவின் படத்தை இன்று ஒருநாள் மட்டுமாவது கழற்றி உள்ளே வைக்கச் சொன்னாள். ஜெனிஸ் மசியவில்லை. அப்பா சுவரிலேயே இருந்தார். வருகிறவர்கள் அவரையும் பார்த்துக்கொண்டே பேசட்டும்.

போனில் படத்தை எடுத்து நீட்டினாள். வெளிறிய ஓர் உருண்டை. அதன் ஒரு பக்கம் முழுக்க ஒரே குழி.

“சனிக் கிரகத்தோட குட்டி நிலா. மைமாஸ்னு பேரு. பூராவும் பனிக்கட்டி.”

“பனிமய மாதா ஊர்ல பொறந்துட்டு, பனியைத் தேடி அங்கனயா போகணும்?” என்றாள் ஹில்டா. “அதுவும் சனிகிட்ட!”

நிலாவின் அகலமே இங்கிருந்து விழுப்புரம் வரைக்கும்தான் என்று ஜெனிஸ் விளக்கினாள். அதில் பள்ளம் மட்டும் மதுரை வரைக்கும். எப்போதோ எதுவோ வந்து மோதியிருக்கிறது. இன்னும் கொஞ்சம் ஓங்கி மோதியிருந்தால் நிலா தூள்தூளாகியிருக்கும்.

“உடையலையா?”

விக்டர் அப்போதுதான் வாயைத் திறந்தார்.

“உடையல. இப்பவும் சுத்திக்கிட்டுத்தான் இருக்கு.”

அம்மா பிளாரன்ஸ் காபித் தட்டோடு வந்தாள். யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் டம்ளர்களை வைத்துவிட்டு, அடுக்களை வாசலில் போய் நின்றுகொண்டாள்.

ஜெனிஸ் விடவில்லை. “எல்லாரும் பள்ளத்தை மட்டும்தான் பாத்தாங்க. அடிபட்டுப் போச்சு, உள்ளயும் உறைஞ்சு போச்சு, இனி அதுல ஒண்ணுமில்லன்னு விட்டுட்டாங்க. அப்புறம்தான், அது சுத்துறப்ப லேசா ஆடுதுன்னு கண்டுபிடிச்சாங்க. ஏன் ஆடணும்?”

சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். கேள்வி கேட்க வந்தவர்களுக்கு அவள் வைத்த கேள்வி அது.

விக்டர் டம்ளரைக் கீழே வைத்தார்.

“டேங்க்ல பாதித் தண்ணி கிடந்தா கப்பலோட ஆட்டமே வேற மாதிரி இருக்கும். வெளிய நின்னு பாத்தாலே தெரிஞ்சிரும்.” கொஞ்சம் யோசித்தார். “அப்ப உள்ள தண்ணி கிடக்கோ?”

“கடலே இருக்கலாம்ங்காங்க. அதுவும் வயசு கம்மியான கடல்.”

அவருடைய பார்வை போனை விட்டு எழுந்தது. ஜெனிஸிடம் அது நிற்கவில்லை. அவளைத் தாண்டிப் போயிற்று.

ஹில்டாவும் அதைக் கவனித்துவிட்டாள்.

“எந்தம்பிக்குச் சம்மதம். அவன் மூஞ்சியில எழுதி ஒட்டியிருக்கு. இனி பொண்ணு வாயால ஒரு வார்த்தை வேணும்லா?”

சித்தி தொண்டையைச் செருமினாள்.

ஜெனிஸ் எழுந்தாள். நேரே அடுக்களை வாசலுக்குப் போய், ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டிருந்தவளை அழைத்து வந்து, தன் நாற்காலியில் உட்கார வைத்தாள்.

“அம்மா, ஒன்னயத்தான் கேக்காங்க.”

பிளாரன்ஸ் தங்கையைப் பார்க்கவில்லை. மகளையும் பார்க்கவில்லை. தலையை நிமிர்த்தி விக்டரைப் பார்த்துச் சொன்னாள்.

“மாதா கோயில்ல மூணு ஞாயித்துக்கிழம கல்யாண ஓலை வாசிக்கணும்லா? நாளைக்கே சாமியாரைப் போய்ப் பாத்துருவோம்.”