ஐந்து நிமிடச் சங்கு

“தூங்குனியா, இல்லையா? அதை மட்டும் சொல்லு.”

முதலாளி ஹரிராம் கேட்ட கேள்விக்கு, பாய்லர்காரன் சிவனாண்டி நிதானமாகத் தலையைச் சொறிந்தான்.

“தூங்கிட்டேன் மொதலாளி.”

ஹரிராமுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கப்பலூரில் வேறெந்தச் சாயப்பட்டறையிலும் இல்லாத மிஷின் அது. மெட்ராஸிலிருந்து வரவழைத்துப் பாய்லர் பக்கத்தில் மாட்டி ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் சிவப்பு விளக்கு எரியும். பாய்லரைப் பார்த்துக்கொள்கிற ஆள் உடனே பொத்தானை அமுக்க வேண்டும். அமுக்காவிட்டால் ஆள் தூங்கிவிட்டான் என்று அர்த்தம். சங்கு ஊதும், பட்டறையே வெளியே ஓடிவந்துவிட வேண்டும். தூங்கினால் வேலை போச்சு என்று முதல் நாளே சொல்லியாயிற்று.

இன்றைக்கு ஊதிவிட்டது. சாயக் கையோடு முப்பது பேர் கேட்டுக்கு வெளியே வெயிலில் நிற்கிறார்கள். சாயங்காலத்துக்குள் நூல் போயாக வேண்டும்.

“சரி, எல்லாரும் உள்ள போங்க” என்றார் ஹரிராம்.

“கனவுகூட வந்துச்சு மொதலாளி” என்றான் சிவனாண்டி.

கிளம்பியவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். போன மாதம் பாம்பு பாம்பு என்று கத்திப் பெண்களை ஓடவிட்டு, கயிற்றைக் காட்டிச் சிரித்த ஆள் அவன். அதிலிருந்து அவன் பேச்சை யாரும் நம்புவதில்லை. கேட்க மட்டும் கூடிவிடுவார்கள்.

கனவில் யார் வந்தது என்று நூல் பிழிகிற ஒச்சாயி விசாரித்தாள். முதலாளிதான் வந்து விசிறிவிட்டார் என்றான். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

ஹரிராம் வாயில் வந்ததையெல்லாம் கொட்டினார். அவர் மூச்சு வாங்க நிறுத்தும்போதெல்லாம் அவன் இன்னொன்றை எடுத்துவிட்டான். உட்கார நாற்காலி கொடுத்ததே தப்பு என்றான். கடைசியில் அவர், “இன்னையோட உனக்குச் சீட்டுக் கிழிஞ்சிருச்சு, போ” என்றார். மூன்று பிள்ளைகளைப் பெற்றவன், முகம் சுண்டிப்போனது. ஆனாலும் நகரவில்லை. இன்னொரு தரம் யோசித்துச் சொல்லுங்கள் என்று மல்லுக்கு நின்றான்.

அப்போது உள்ளே இடி விழுந்தது மாதிரி ஒரு சத்தம். பட்டறைக்கு மேலே தூண் கட்டி நிறுத்தியிருந்த வெந்நீர்த் தொட்டி, கூரையைப் பிளந்துகொண்டு, பெண்கள் உட்கார்ந்து நூல் பிழிகிற இடத்தில் விழுந்து கிடந்தது.

ஒருவர் மேலும் ஒரு கீறல் இல்லை. ஹரிராமுக்குக் கண் கலங்கிவிட்டது. சீட்டுக் கிழித்தவனையே கட்டிக்கொண்டார்.

“நீ தூங்குனதுக்குக் கும்பிடு போடணும்யா.”

“நான் எங்க மொதலாளி தூங்குனேன்? தூணுல விரிசல் ஓடுறதைப் பாத்தேன். நான் கத்துனா சிரிப்பாக, மிஷின் கத்துனா ஓடுவாக. அதான் பொத்தானை அமுக்காம விட்டேன்.”

“அப்புறம் எதுக்குய்யா தூங்கிட்டேன்னு சொல்லி அம்புட்டுத் திட்டு வாங்குன?”

“நீங்க திட்டி முடிச்சிட்டா, எல்லாரையும் உள்ள அனுப்பிருவீகளே மொதலாளி.”