சாட்சி நாற்காலி

நாடகம் முடியும்போது மேடை நடுவே ஒரு நாற்காலியைப் போட்டுவிட்டு, செத்தவனின் தாயாக நடிப்பவள் பார்வையாளர்களிடம் கேட்பாள்: "எம்புள்ளைய அடிச்சதப் பாத்தவங்க யாராவது வந்து உக்காருங்க." யாரும் எழுந்ததில்லை. மௌனம் முற்றியதும் விளக்கு அணையும், கைதட்டல் எழும். ஒருவனை அடித்துக் கொன்றது பற்றிச் செய்தித்தாளில் படித்த நாலு வரியை வைத்துச் சங்கரபாண்டி எழுதிய நாடகம். அந்த மௌனத்தைத்தான் எல்லோரும் சிலாகித்தார்கள்.

இன்று மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு மேடையேறி, நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"பிரமாதமான உத்தி" என்று முன்வரிசையில் ஒருவர் முணுமுணுத்தார். தாயாக நடித்தவளிடம் அதற்கு மேல் வசனம் இல்லை. அவள் கண்கள் அரங்கின் பின்பக்கம் சங்கரபாண்டியைத் தேடின. பெண் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"அணைச்சிரட்டுமா தோழர்?" என்றார் விளக்குக்காரர், சுவிட்சில் விரலை வைத்தபடி.

சங்கரபாண்டி தலையாட்டினான்.

இருட்டில் கைதட்டல் அரங்கை அதிரவைத்தது. அது ஓய்ந்தபின் மேடையிலிருந்து குரல் வந்தது.

"கரண்ட் வரட்டும். நான் இங்கதான் உக்காந்திருக்கேன்."