வடம் ஒதுக்கிய சத்தம்

மலைச்சரிவை இழுத்துப் பிடித்திருந்த கார்பன் வடங்களுக்குக் காது உண்டு; மண் நகரும் சத்தம் கேட்டால் சங்கு ஊதும். ஆடு மேய்ந்தாலும் ஆள் நடந்தாலும் அவை சங்கு ஊதி ஊரை ஓடவிட்டதால், உயிருள்ளவை எழுப்பும் சத்தங்களையெல்லாம் ஒதுக்கப் பழக்கியவள் பிரசில்லா.

ஐப்பசி மழையில் மலை சரிந்து, வடங்களைப் பார்க்கப் போன அவள் கணவன் எட்வினை மூடியது. வடங்கள் கேட்பதைக் காட்டும் அவள் திரையில் சலனமே இல்லை. தான் பழக்கியது அப்போது நினைவுக்கு வரவில்லை. "உள்ள உசுரு இல்ல" என்று அவளே சொல்ல, மீட்புக்காரர்கள் அவசரத்தை விட்டார்கள்.

உடலை எடுத்து அடக்கம் செய்தபின் வேலைக்கு வந்தவள், வடங்கள் ஒதுக்கிச் சேர்த்துவைத்த சத்தங்களை அழிக்குமுன் வழக்கம்போல் ஓடவிட்டாள். மலை சரிந்த பிறகான பதிவில் யாரோ வடத்தைக் கல்லால் தட்டினார்கள். எட்வின் வீட்டுக் கதவைத் தட்டும் அதே தட்டு: இரண்டு, கொஞ்சம் பொறுத்து ஒன்று.

"அணைச்சிருங்கக்கா," என்றான் உடன் வேலை பார்க்கும் ரங்கசாமி.

"இருப்பா. இன்னும் தட்டிக்கிட்டுதான் இருக்காரு."