பன்னிரண்டாவது ஆட்சேபணை

“நாய் விஷயத்துல அவன் இறங்கி வந்துட்டானா?” என்று கேட்டுக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தாள் மிஸஸ் பெல்லாமி. அவள் குடையிலிருந்து சொட்டிய மழைத்தண்ணீர் வக்கீலின் கம்பளத்தை நனைத்தது.

“வந்துட்டார். சின்ன நாயா ஒண்ணு வளர்த்துக்கலாமாம்” என்றாள் வக்கீல் ப்ரையோனி. “ஆனா உங்ககிட்டதான் நாயே கிடையாதே?”

“இல்லேன்னா என்ன? உரிமைன்னு ஒண்ணு இருக்கில்ல!”

ப்ரையோனி பல்லைக் கடித்துக்கொண்டாள். எழுபத்தெட்டு வயசுக் கட்சிக்காரியைத் திட்டவா முடியும்?

மிஸஸ் பெல்லாமியின் ஃப்ளாட், இங்கிலாந்தின் வொர்திங் கடற்கரையில் மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. பெல்லாமி என்ற பெயரைக் கொடுத்த இரண்டாவது புருஷனும் போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாகிறது. முழங்கால் இரண்டும் தேய்ந்துபோய், வாரத்துக்கு ஒரு தடவை இறங்கி ஏறுவதற்குள் அவளுக்கு உயிர் போய் உயிர் வருகிறது. ஃப்ளாட்டை விற்றால்தான் தரைத்தளத்தில் ஓர் இடம் பார்க்க முடியும்.

விற்க முடியாதபடி ஒரு சிக்கல். அந்த நாட்டில் ஃப்ளாட் வாங்குவதென்றால் பெரும்பாலும் நீண்ட காலக் குத்தகைக்கு வாங்குவதுதான்; கட்டடம் இன்னொருவருக்குச் சொந்தம். இவள் குத்தகையில் மீதி அறுபத்தாறு வருஷம்தான். அவ்வளவு குறைந்த குத்தகைக்கு எந்த பேங்க்கும் கடன் தராது. கடன் கிடைக்காத வீட்டை எவன் வாங்குவான்? கட்டடத்துச் சொந்தக்காரரிடம் குத்தகையை நீட்டி வாங்கியே ஆகவேண்டும்.

சொந்தக்காரர் டன்னிங், அப்பா செத்தபின் கட்டடம் கைக்கு வந்த மனிதர். அப்படிப்பட்டவர்கள் கழுத்தை அறுப்பதுதான் வழக்கம். இவரோ விலையில் ஒரு வார்த்தை பேசவில்லை. ஈமெயில் ஆகாது, எல்லாம் தபாலில், சொந்தக்காரர் கைப்பட வரவேண்டும் என்று மிஸஸ் பெல்லாமி போட்ட கண்டிஷனுக்குக்கூடச் சரி என்றுவிட்டார்.

புதுக் குத்தகையின் நிபந்தனைகளை வைத்து மல்லுக்கு நின்றது அம்மாள்தான். பால்கனியில் துணி காயப்போடக்கூடாதா? ஜன்னலில் பூந்தொட்டி வைத்தால் என்ன? தரையெல்லாம் கம்பளம் விரிக்க வேண்டுமென்று யார் சொன்னது? ஏழு மாதத்தில் பதினோரு ஆட்சேபணை. பதினொன்றுக்கும் அந்த மனிதர் பொறுமையாகப் பதில் எழுதினார்.

“இதோ பாருங்க, இன்னைக்கு அஞ்சு மணிதான் கெடு” என்று ப்ரையோனி பத்திரத்தை நகர்த்தினாள். “கோர்ட்டுக்குப் போகவும் வேணாம்னுட்டீங்க. விட்டா குத்தகையை நீட்டச் சொல்லி நாம குடுத்த நோட்டீஸ் செல்லாது. மறுபடி கேக்கணும்னா ஒரு வருஷம் ஆகும். வீட்டை வாங்க வந்த தம்பதி நாளைக்கே வேற இடம் பார்த்துடுவாங்க.”

மிஸஸ் பெல்லாமி பத்திரத்தைத் தொடவேயில்லை. டன்னிங்கின் கடிதத்தை எடுத்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். இருந்தது நாலே வரி. அதைப் படிக்க அவளுக்கு அஞ்சு நிமிஷம் ஆனது.

“எழுத்து கோணிக்கிட்டுப் போகுதே. கையில ஏதாவது அடியா அவனுக்கு?”

“எனக்கெப்படித் தெரியும்?”

“கவர் எங்கே?”

ப்ரையோனி குப்பைக்கூடையிலிருந்து கவரை எடுத்துக் கொடுத்தாள். அம்மாள் அதன் கசங்கலை உள்ளங்கையால் நீவிவிட்டாள். பிறகு பத்திரத்தைப் புரட்டி, ஒரு பக்கத்தில் விரலை வைத்தாள்.

“ராத்திரி பதினோரு மணிக்கு மேல பியானோ வாசிக்கக்கூடாதுன்னு போட்டிருக்கே. இது எனக்கு ஒத்துவராது.”

“ஐயோ! உங்ககிட்ட பியானோ இருக்கா?”

“இல்ல.”

“வாசிக்கவாவது தெரியுமா?”

“தெரியாது.”

“இருங்க, இப்பவே அவருக்கு ஃபோன் போட்டுக் கேட்டுடறேன்!”

“ஃபோன் வேணாம்!” அம்மாளின் குரல் திடீரென்று உயர்ந்தது. “எழுதிக் கேளு.”

மணி ஐந்தாக இரண்டே நிமிஷம். ப்ரையோனி எழுந்து வந்து, பேனாவின் மூடியைக் கழற்றி அம்மாளின் விரல்களுக்கிடையில் வைத்தாள். “தயவுசெஞ்சு போடுங்க. ஒரே ஒரு கையெழுத்து, தொல்லை விட்டுது. அப்புறம் அந்த ஆளுக்கும் உங்களுக்கும் ஒட்டுமில்ல, உறவுமில்ல. அவர்கிட்டேருந்து ஒரு கடுதாசி வராது.”

பேனா முனை தாளுக்கு ஒரு விரற்கடை மேலே வந்து நின்றது. மழை ஜன்னலில் அடித்துக்கொண்டிருக்க, சுவர்க்கடிகாரத்தில் மணி ஐந்தைத் தாண்டியது. அம்மாள் பேனாவை மூடி மேஜையில் வைத்தாள்.

“போச்சு!” ப்ரையோனிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. “எல்லாம் போச்சு! அந்த மூணாவது மாடியிலேயே கிடந்து சாகப்போறீங்க, தெரியுமா?” சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“தெரியும் கண்ணு.” மிஸஸ் பெல்லாமி கடிதத்தைக் கவருக்குள் வைத்துக் கைப்பையைத் திறந்தாள். உள்ளே அதேபோலப் பத்து கவர்கள், நாடா போட்டுக் கட்டியிருந்தன. “ஒரு வருஷம் கழிச்சு மறுபடியும் நோட்டீஸ் குடுக்கலாம்தானே?”

“குடுத்து? திரும்பவும் இதே கூத்தா? குனிஞ்சு ஒரு கையெழுத்துப் போடறதுக்கு உங்களுக்கு என்னதான் கேடு?”

அம்மாள் குடையை ஊன்றி மெல்ல எழுந்தாள். கதவருகே போய்த் திரும்பினாள்.

“போட்டுட்டா, என் பிள்ளை எனக்கு எழுதறதை நிறுத்திடுவானே.”