அறுத்துப் பாத்துடுங்க

"அந்தக் காரை அறுத்துப் பாத்துடுங்க, மேடம்."

மார்லிஸ் நிமிர்ந்தாள். நடுவர் மேசைக்கு எதிரே ஐம்பது வயதுக்காரர் ஒருவர் தொப்பியைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி நின்றிருந்தார். தேவாலயத்தின் கீழ்த்தளக் கூடத்தில் பரிசளிப்புக்காக நாற்காலிகளை இழுத்துக்கொண்டிருந்தார்கள். விஸ்கான்சின் வட்டாரப் பைன்கட்டைக் கார் பந்தயம் முடிந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

"எந்தக் காரை?"

"இருபத்தேழு."

முதலில் வந்த கார். ஒரு சாண் நீளத்தில் இழைத்த பைன் கட்டை, நான்கு சக்கரங்கள், அச்சுக்கு நான்கு ஆணிகள், அவ்வளவுதான். மோட்டார் கிடையாது, சரிவில் விட்டால் தன் எடையில் தானே ஓடி வரவேண்டும். ஒரு நொடியை ஆயிரம் கூறு போட்டால் அதில் நான்கு கூறு. அந்த வித்தியாசத்தில்தான் மற்ற நாற்பத்தைந்து கார்களையும் அது முந்தியிருந்தது.

"உங்க பேரு?"

"வெர்லின் ஸ்டாட்."

"என்ன புகார்?"

"உள்ள எடை ஆடுது. கனத்துக்காக ஒட்டி வெச்ச டங்ஸ்டன் துண்டுல ஒண்ணு கழண்டிருக்கு. அசையற எடை இருந்தா அந்தக் கார் செல்லாது. உங்க விதிதானே?"

"உள்ள இருக்கறது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கடைசி ஓட்டத்துல கீழ தடுப்புல மோதினப்ப ஒரு சத்தம் வந்துச்சு. டிக்னு."

கணினியில் நேரம் பார்த்துக்கொண்டிருந்த லைல் சிரித்துவிட்டான். "நூறு பேர் கத்தின கத்துல உங்களுக்கு டிக் கேட்டுச்சா? என் பொண்டாட்டி பக்கத்துல நின்னு கூப்பிட்டதே எனக்குக் கேக்கல."

"உனக்கு அது என்னைக்குக் கேட்டிருக்கு?" என்றாள் மார்லிஸ்.

தோற்றவர்கள் மேசைக்கு வருவது அவளுக்குப் புதிதல்ல. முகம் சிவந்து வருவார்கள், தடம் கோணல் என்பார்கள், தராசு பொய் என்பார்கள். இந்த மனிதர் குரலைக்கூட உயர்த்தவில்லை. அதுதான் அவளை உறுத்தியது.

காரை விளிம்பில் பிடித்து எடுத்துக் காதருகே ஆட்டினாள். சத்தமே இல்லை. தராசில் வைத்தாள். சரியாக ஐந்து அவுன்ஸ், விதி அனுமதிக்கும் உச்ச எடை. மேசையில் மெல்ல உருட்டினாள். மூன்று சக்கரங்கள் மட்டும் மேசையைத் தொட்டன. இடது முன்சக்கரம் ஒரு மயிரிழை தூக்கி நின்று, காற்றில் தனியே சுழன்றுகொண்டே இருந்தது. உராய்வைக் குறைக்க எல்லோரும் செய்வதுதான். ஆனால் இவ்வளவு துல்லியமாக அவள் பார்த்ததில்லை. உள்ளே எடையை எப்படி அடுக்கியிருப்பான்? அறுத்தால் பார்த்துவிடலாம். அந்த ஆசை வந்ததும் அவளுக்கே கூச்சமாக இருந்தது.

"அறுத்துட்டா இது மறுபடி ஓடாது, சார். யாரோ ஒருத்தர் ஆறு மாசம் ஒக்காந்து ஆணியத் தேச்சு..."

"ஒம்பது மாசம் ஆகியிருக்கும்."

"பாவம்னு தோணலையா?"

அவர் காரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வயித்தெரிச்சல்ல எத்தனை வகையோ!" என்றான் லைல், கணினித் திரையைப் பார்த்து.

"புகார் பொய்யா இருந்தா ரெண்டு வருஷம் நீங்க எந்தக் காரும் ஓட்ட முடியாது," என்றாள் மார்லிஸ்.

"எழுதிக்கோங்க."

"சொந்தக்காரர் யாருன்னு எங்களுக்கே தெரியாது. பாரபட்சம் கூடாதுன்னு கார்ல எண் மட்டும்தான், பேரெல்லாம் ஒட்டின உறைக்குள்ள இருக்கு. ஆனா புகார் வந்தா அறுக்கலாம்னு எல்லாருமே கையெழுத்துப் போட்டிருக்காங்க. கடைசியா கேக்கறேன். அறுக்கவா?"

"அறுங்க. இத தெரிஞ்சுக்காம என்னால வீட்டுக்குப் போக முடியாது."

லைல் காரைப் பிடித்துக்கொண்டான். பின்சக்கரங்களுக்குச் சற்று முன்னால் மார்லிஸ் ரம்பத்தை வைத்தாள். பல் மரத்தில் இறங்கியபோது வெர்லின் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பைன் வாசனை எழுந்தது. சக்கரம் வழுக்கிச் சுழலப் போட்டிருந்த கிராஃபைட் தூள் உதிர்ந்து அவள் விரலெல்லாம் கறுப்பாக ஒட்டியது.

கட்டை இரண்டாகப் பிரிந்தது. உள்ளே ஆறு டங்ஸ்டன் துண்டுகள் பல்வரிசைபோல் நின்றன. ஐந்து அசையவில்லை. ஆறாவதை நகத்தால் தொட்டாள். ஒரு மயிரிழை நகர்ந்தது.

டிக்.

லைலின் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. மார்லிஸ் தாளில் இருபத்தேழுக்கு நேரே 'தகுதியிழப்பு' என்று எழுதினாள். ஏமாற்று வேலை இல்லை. ஒரு சொட்டுப் பசை பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

"உங்க காது சரிதான் சார். இப்ப சந்தோஷமா?"

"தெரிஞ்சுடுச்சு," என்றார் அவர்.

"ஜெயிச்ச மனுஷனைக் கூப்பிட்டு, கோப்பையும் இல்ல, காரும் இல்லன்னு நான் சொல்லியாகணும். நீங்க நழுவிடாதீங்க. அவர் மூஞ்சிய நீங்களும் பாக்கணும்."

"நான் எங்கேயும் போகல."

மார்லிஸ் ஒலிபெருக்கியை இழுத்துக்கொண்டாள். "இருபத்தேழாம் எண் காரோட சொந்தக்காரர் நடுவர் மேசைக்கு வரணும்."

கூடம் அடங்கியது. காப்பிக் கோப்பைகளோடு நின்றவர்கள் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் எழுந்து வரவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டாள். அப்போதும் யாரும் வரவில்லை.

வெர்லின் மேசையிலிருந்த இரண்டு துண்டுகளையும் கைக்கு ஒன்றாக எடுத்து, மரத்தூளை மெல்ல ஊதினார்.

"வந்துதான் நிக்கறேன், மேடம்."